மருந்து நிறுக்கும் தராசு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டையாடுவோரிலும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோரிலும் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் குப்பியை எறிந்துவிடுவதில்லை. அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, விரிந்துபோன உடலை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் நெருப்பு மூட்டும் புதிய கேப்பை அழுத்தி, உள்ளே அளவாக வெடிமருந்திட்டு, வாயில் குண்டு ஒன்றைச் செருகி, மறுபடியும் ஒரு தோட்டாவாக ஆக்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்றிருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் 1878-ல் தோன்றிய லைமன் நிறுவனமும், கலிபோர்னியாவில் 1943-ல் தோன்றிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனமும் இந்த வேலைக்குரிய உபகரணங்களைச் செய்தே பெயர் பெற்றவை. சிக்கனம் இதற்கு ஒரு காரணம்; தன் துப்பாக்கியின் குணத்தை அறிந்து, அதற்கு இசைந்த தோட்டாவைத் தானே செய்து, அதன் பலனைக் குறிப்பலகையில் பிரத்தியக்ஷமாகக் காணும் திருப்தி அதைவிடப் பெரிய காரணம். நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஆகவே இதைப் படிக்கும் பெரும்பாலோர் அந்த மருந்தை நிறுக்கும் தராசை வாங்கப்போவதில்லை. ஆனால் மிகச் சிறிய எடையை உண்மையாக அறிவது எப்படி என்னும் கேள்வி, பொன்னை நிறுப்பவர் முதல் பரிசோதனைச் சாலையில் உப்பை நிறுக்கும் மாணவர் வரை எல்லோருக்கும் பொதுவானது. அந்தக் கேள்வியில் தவறினால் உடனே தண்டனை கிடைக்கும் இடம் இந்தத் தோட்டா வேலை.

இந்த வேலையில் மற்றக் கட்டங்களில் நேரும் பிழையைக் கண்ணோ விரலோ கண்டுபிடித்துவிடும். குப்பியின் வாய் பிளந்திருந்தால் வெளிச்சத்தில் தெரியும்; கேப் சரியாக அமரவில்லையென்றால் விரல் நுனியில் தட்டுப்படும். உள்ளே இட்ட மருந்து அளவில் சற்று மிகுந்ததா, சற்றுக் குறைந்ததா என்பதைத் தராசு ஒன்றைத் தவிர வேறு எதுவும் சொல்லாது. புகையற்ற மருந்து என்பது, 1884-ல் பால் வியேய் என்ற பிரெஞ்சு இரசாயனி கண்டது முதல் இன்றுவரை, நைட்ரோசெல்லுலோஸை ஆதாரமாகக் கொண்ட பொருள். நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்த கார்டைட் என்பதும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. திறந்த வெளியில் ஒரு சிட்டிகை அளவைக் கொளுத்தினால் இம்மருந்து சுறுசுறுவென்று எரிந்து போகுமேயன்றி வெடிப்பதில்லை. மூடிய குப்பிக்குள்ளேயோ, எரிய எரிய வாயு பெருகி, வாயு பெருகப் பெருக அழுத்தம் ஏறி, அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் கூடுகிறது. ஆதலால் மருந்தைப் பத்தில் ஒரு பங்கு மிகுத்தால் அழுத்தம் அதே விகிதத்தோடு நின்றுவிடாமல் அதற்கும் மேலே பாய்கிறது. குறைந்தாலும் அபாயம் உண்டு. போதிய உந்துதல் இல்லாத குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்க, அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுடுகிறவர் கையில் துப்பாக்கியே பிளந்துபோகலாம்.

இந்த மருந்தை அளக்கும் அலகு கிரெய்ன். ஆதியில் ஒரு தானிய மணியின் எடையை வைத்து எழுந்த அளவு அது; நம் தட்டார்கள் குன்றிமணியை வைத்துப் பொன் நிறுத்ததும் இதே யுக்திதான். 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் இன்றைய கணக்கில் 64.79891 மில்லிகிராம், ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன். கடைகளில் விற்கும் சாதாரண மருந்துத் தராசுகள் பெரும்பாலும் 0.1 கிரெய்ன் வரை, அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் வரை, பிழைபடாமல் காட்டுவதாகச் சொல்லப்படுபவை. இந்த ஒரே எண் இரண்டு மனிதர்களுக்கு இரண்டு விதமாகப் பொருள்படுகிறது. 1906-ல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட பெரிய ரைபிள் தோட்டாவில் சுமார் 50 கிரெய்ன் மருந்து கொள்ளும், அதில் 0.1 கிரெய்ன் பிசகினால் நூற்றுக்கு 0.2 பங்குதான் வித்தியாசம். ரிவால்வருக்கு உரிய சிறு தோட்டாவில், விரைந்து எரியும் மருந்து சுமார் 3 கிரெய்ன் இட்டால் போதும், அதே 0.1 கிரெய்ன் அங்கே நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. பெரிய துப்பாக்கிக்குத்தான் நுட்பமான தராசு வேண்டும் என்று பலர் எண்ணுவது இயல்பு. பிழையின் விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் சிறிய தோட்டா செய்கிறவரே தம் தராசைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியவர் என்பது விளங்கும்.

வெடிமருந்தும் நுண்ணிய தராசும் ஒரே மனிதர் கையில் கூடியிருந்த ஒரு காலம் சரித்திரத்தில் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நவீன இரசாயன சாஸ்திரத்தின் தந்தை என்று போற்றப்படும் லவாசியே, 1775-ல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகத்தில் ஓர் அதிகாரியாக அமர்ந்து, பாரிஸ் நகரத்து ஆயுதசாலையிலேயே குடியிருந்து, அங்கேயே தம் பரிசோதனைச் சாலையையும் அமைத்துக்கொண்டவர். ஒரு பொருள் எரியும்போது அதன் எடை என்ன ஆகிறது என்பதை, அக்காலத்துக் கைவினைஞர்களில் தலைசிறந்தோர் செய்து கொடுத்த தராசுகளால் நிறுத்து நிறுத்துப் பார்த்தே, எரிதலைப் பற்றி அதுவரை வழங்கிய கொள்கையை அவர் வீழ்த்தினார். 1788-ல் எஸோன் வெடிமருந்து ஆலையில் புதுவகை மருந்து ஒன்றைச் சோதித்தபோது நேர்ந்த வெடிவிபத்தில் இருவர் மாண்டனர். அங்கே சென்றிருந்த லவாசியேயும் அவர் மனைவியும் உயிர் தப்பினார்கள். அந்த ஆலையில் அவரிடம் தொழில் பயின்ற எலூதேர் இரேனே துபோன் என்ற இளைஞர், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு அமெரிக்கா சேர்ந்து, டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802-ல் ஒரு மருந்தாலையை நிறுவினார். இன்று அமெரிக்கச் சுடுவோரின் அலமாரியில் நிற்கும் மருந்து டப்பாக்களுள் ஐ.எம்.ஆர். என்ற பெயரோடு காணப்படுபவை அந்த நிறுவனத்தின் வழி வந்தவையே. தராசை நம்பி ஒரு சாஸ்திரத்தையே திருப்பி அமைத்தவரின் சீடர் தொடங்கிய தொழிலில், தராசுக்கு முதலிடம் கொடுப்பது பொருத்தமான காரியம்.

தராசு வாங்கப் போகிறவர் முன் இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கத்திமுனையில் ஆடும் கோலை உடைய பழைய தராசு. மற்றொன்று, மின்விசையால் இயங்கி எண்ணைக் காட்டும் தராசு.

கோல் தராசின் பெருமை அதன் எளிமையில் இருக்கிறது. நியூஜெர்சியில் 1907-ல் குஸ்டாவ் ஓஹவுஸ் தொடங்கிய நிறுவனம், ஆர்.சி.பி.எஸ்., லைமன் முதலியவற்றின் பெயரில் பல பத்தாண்டுகள் செய்து கொடுத்த தராசுகள் இன்றும் வீடுகளில் நின்று உழைக்கின்றன. பழைய சாமான் சந்தையில் அவற்றைத் தேடி வாங்குவோரும் உண்டு. அவற்றுள் பெயர் பெற்ற 5-0-5 என்ற தராசில், கோலின் மேல் பத்துப் பத்தாகவும், ஒன்று ஒன்றாகவும், பத்தில் ஒன்றாகவும் கிரெய்னைக் குறிக்கும் மூன்று நகர்காய்கள் இருக்கின்றன. வேண்டிய எடைக்கு அவற்றை நகர்த்தி வைத்து, பள்ளங்களில் அவை சரியாக அமர்ந்தனவா என்று பார்த்துக்கொண்டு, தட்டில் சிறு கரண்டியால் ஏறக்குறைய அளவுக்கு மருந்திட்டு, எஞ்சிய குறையை, விரலால் திருகினால் மணி மணியாக உதிர்க்கும் ஒரு சிறு குழாயின் வாயிலிருந்து இடுகிறார்கள். கம்பிபோல் பிழிந்து நறுக்கிய ரைபிள் மருந்தில் ஒரு மணியின் எடை ஏறத்தாழ 0.02 கிரெய்ன், அந்த மணிகளில் கடைசி இரண்டோ மூன்றோ விழும்போது, அதுவரை கீழே சோர்ந்து கிடந்த முள் மெல்ல எழுந்து, நடுக்கோட்டைத் தாண்டி ஒரு மயிரளவு மேலே போய், திரும்பி வந்து, கோட்டின் மேல் நிற்கிறது. நல்ல நிலையிலுள்ள கோல், ஒரே ஒரு மணியின் வரவையும் தன் அசைவால் காட்டிவிடும்.

முள் நெடுநேரம் ஆடாமல் விரைவில் நிற்பதற்குக் காரணம் காந்தம். கோலின் முனையிலுள்ள செம்புத் தகடு காந்தங்களுக்கு இடையே அசையும்போது, அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து அசைவை எதிர்க்கிறது. கோல் நின்றதும் மின்னோட்டமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஆகவே முள் நிற்க வேண்டிய இடத்தை இந்த ஏற்பாடு சிறிதும் மாற்றுவதில்லை. காந்த யுக்தி தராசின் சூக்ஷ்மத்தைக் கெடுத்துவிடும் என்று ஐயுறுவோர் இதை அறிந்தால் சந்தேகம் தீரும்.

இத்தகைய தராசைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பைப் பார்க்க வேண்டாம். கத்திமுனையையும், அது அமரும் கல்லையும் பாருங்கள். கத்திமுனை மழுங்கியிருந்தாலும், கல்லின் பள்ளத்தில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்திருந்தாலும், கோல் சோம்பிப் போகும். சிலர் அன்பு மிகுதியால் அங்கே எண்ணெய் இடுகிறார்கள். அது தூசியை அழைத்து வைத்துக்கொள்ளும். தட்டை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்து, ஒவ்வொரு முறையும் முள் அதே கோட்டில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பதே கடைமுகத்தில் செய்யத்தக்க பரீட்சை. வீட்டில் அது நிற்கும் மேசை ஆடாததாகவும், முள்ளின் கோடு பார்ப்பவர் கண்ணின் நேர்மட்டத்தில் இருப்பதாகவும் அமைய வேண்டும். மேலிருந்து சரிவாகப் பார்த்தால் கோடு இடம் மாறித் தோன்றும். காற்றும் இதற்குப் பெரும் பகை. நகைக்கடையில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதைப் பார்த்த எவருக்கும் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மின் தராசு வேகமானது. ஆதலால் இன்று பெரும்பாலோர் அதையே நாடுகிறார்கள். குறைந்த விலையில் கிடைப்பவற்றின் உள்ளே ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. தட்டின் சுமை அந்தக் கட்டையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைக்க, அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோகத் தகட்டின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கணக்கிட்டு எண்ணாகக் காட்டுகிறார்கள். விலை உயர்ந்தவற்றில் முறை வேறு. அங்கே ஒரு மின்காந்தம் தட்டைத் தாங்கி நின்று, சுமை இறங்கும்போது அதைப் பழைய இடத்துக்கே தூக்கி நிறுத்துகிறது. அதற்கு எவ்வளவு மின்னோட்டம் செலவாயிற்று என்பதே எடை. பின்னது நிதானம் உடையது. முன்னதோ அறையின் உஷ்ணம் மாறினால் தானும் மாறும். இயக்கியவுடன் ஒன்று சொல்லி, அரைமணி கழித்து வேறொன்று சொல்லும். அருகில் கைப்பேசி ஒலித்தாலும், பழைய குழல்விளக்கு எரிந்தாலும், பிளாஸ்டிக் புனலில் உராய்ந்து பிறந்த நிலைமின்சாரம் தட்டில் இருந்தாலும் தடுமாறும். முன்கூட்டியே இயக்கி வைத்து, சூடேறி நிலைபெற்ற பிறகு வேலை தொடங்குகிறவருக்கு இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை.

ஆனால் ஒரு குறை அவ்வளவு எளிதில் புலப்படாதது. இதை வாங்குவோரில் பலர் அறிவதேயில்லை. வெறும் தட்டில் எண் தானாகச் சிறிது சிறிதாக நகர்ந்தால் அதைப் பிழையென்று கருதித் தானே பூஜ்யத்துக்கு இழுத்துக்கொள்ளும்படி பல தராசுகளுக்கு அமைத்திருக்கிறார்கள். இன்னும் சில, தட்டில் பாரம் நிற்கும்போதும் காட்டிய எண்ணையே பிடித்துவைத்துக்கொண்டு, மெதுவாக வரும் சிறு மாற்றத்தைக் கழித்துவிடுகின்றன. மருந்தை ஒவ்வொரு மணியாக உதிர்க்கும் மனிதர் செய்வதும் மெதுவான சிறு மாற்றமே அல்லவா? அவர் நான்கு மணி, ஐந்து மணி என்று இட்டுக்கொண்டே போகிறார், எண் அசைவதில்லை. தராசு இன்னும் போதாது என்று சொல்வதாக அவர் நினைக்கிறார். உண்மையில் அது அவர் இட்டதை விழுங்கிக்கொண்டிருக்கிறது. வாங்குவதற்கு முன்பே, பாதி நிறைந்த தட்டில் ஒவ்வொரு மணியாக இட்டு எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால், தட்டை எடுத்து மீண்டும் வைக்கும்போது எண் திடீரென்று தாவுகிறதா என்றும் பாருங்கள். தாவினால் அந்தத் தராசு இந்த வேலைக்கு ஆகாது.

மின் தராசுக்கு உள்ள இன்னொரு தன்மையும் கவனிக்கத்தக்கது. கோல் தராசு ஒரு நிறையை மற்றொரு நிறையோடு ஒப்பிடுகிறது. புவியீர்ப்பு எங்கே கூடினாலும் குறைந்தாலும் இருபுறமும் ஒன்றுபோலவே மாறும். மின் தராசு அளப்பது புவி அந்தப் பொருளை இழுக்கும் விசையை. அந்த விசை பூமத்தியரேகைக்கும் துருவத்துக்கும் இடையே நூற்றுக்கு அரைப்பங்கு அளவில் வேறுபடுகிறது. ஃப்ளாரிடாவின் தென்கோடியில் சரிப்படுத்திய மின் தராசை வடக்கே மினசோட்டாவுக்குக் கொண்டுபோய், அங்கே மறுபடி சரிப்படுத்தாமல் நிறுத்தால், 50 கிரெய்னுக்கு ஏறத்தாழ 0.08 கிரெய்ன் கூடுதலாகக் காட்டும். ஊர் மாறியவர் முதல் வேலையாகத் தம் எடைக்கல்லை எடுத்துத் தராசைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எடைக்கல் என்றேனே, இந்தக் கட்டுரையின் சாரமே அங்கேதான் இருக்கிறது. ஒரு தராசு எத்தனை இலக்கம் காட்டுகிறது என்பது வேறு. ஒரே பொருளைப் பலமுறை நிறுத்தால் ஒரே விடை சொல்லுகிறதா என்பது வேறு. அந்த விடை உண்மையோடு பொருந்துகிறதா என்பது மூன்றாவது. விளம்பரங்கள் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. இரண்டாவது இல்லாத தராசில் மூன்றாவதைத் தேடுவது வீண். மூன்றாவதை அறிய, எடை முன்பே தெரிந்த ஒரு பொருளைத் தவிர வேறு பிரமாணம் இல்லை. எடைக்கற்களுக்குச் சர்வதேசத் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. எம்1 என்னும் சாதாரணத் தரத்தில் 1 கிராம் கல் 1 மில்லிகிராம் வரை பிசகலாம். எஃப்1 என்னும் உயர்தரத்தில் அந்தப் பிசகு 0.1 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும். சாதாரணத் தரத்தின் பிழை கூட 0.016 கிரெய்னைத் தாண்டுவதில்லையாதலால், 0.1 கிரெய்ன் காட்டும் தராசை அதைக்கொண்டு தாராளமாகச் சோதிக்கலாம். கிரெய்ன் கணக்கிலேயே செய்த சிறு கற்களும் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கின்றன. பெரிய கல்லால் ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சிறிய எடையை நம்புவது தவறு. 3 கிரெய்ன் நிறுக்கிறவர் ஏறத்தாழ அதே எடையுள்ள கல்லால் சோதிக்க வேண்டும். கல்லை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் கல்லில் ஒட்டிக்கொள்ளும். வேலை தொடங்கும்போது ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடித்தபின் ஒருமுறை என்று சோதித்தால், தராசு வழி தவறியதை அது கெடுத்த தோட்டாக்கள் பெட்டிக்குள் போகுமுன்பே கண்டுகொள்ளலாம்.

ஒரு மில்லிகிராமையும் காட்டும் உயர்ந்த தராசு யாருக்கு வேண்டும் என்று கேட்டால், 1000 கஜத் தொலைவில் சுடுகிறவர்களுக்கு என்பேன். அத்தொலைவில் குண்டின் வேகத்தில் நேரும் சிறு வித்தியாசமும் அதன் விழும் இடத்தைச் சில அங்குலம் மேலும் கீழுமாக மாற்றிவிடும். 100 கஜத்தில் சுடும் போட்டிக்காரர்களுள் நிறுப்பதையே விட்டு, கனஅளவால் அளந்து ஊற்றும் கருவியைக் கொண்டே பரிசு பெறுவோர் பலர்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மின் தராசிலும் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அது கிரெய்னைக் கிராமாக மாற்றும். பெரும்பாலும் முகப்பில் 'ஜி' என்ற ஓரெழுத்து நின்றால் கிராம், 'ஜி.என்.' என்ற ஈரெழுத்து நின்றால் கிரெய்ன். கைதவறி அது அழுந்திப் போனதைக் கவனியாமல் 3 என்ற எண் வரும்வரை இட்டால், இட்டது 46 கிரெய்ன். சிறு குப்பியில் அவ்வளவு கொள்ளாது என்பதால் பிழை வெளிப்பட்டுவிடும். பெரிய குப்பியில் சிறிதளவே மருந்திடும்போது அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்க முடியாது. அதுபோலவே, எந்தத் தராசும் தடுக்க முடியாத தவறு ஒன்று உண்டு. ஒரே குப்பியில் இரண்டு முறை மருந்திடுவதுதான் அது. அமெரிக்காவில் மிகுதியாக வழங்கும் .38 ஸ்பெஷல் என்னும் ரிவால்வர் தோட்டா, 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் கறுப்பு வெடிமருந்துக்காக அமைந்த பெருங்குப்பியை உடையது. இன்றைய மருந்து 3 கிரெய்ன் அதன் அடியில் ஒரு மூலையில் கிடக்கும், இரட்டிப்பாக இட்டாலும் வழியாது. குண்டைச் செருகுமுன் குப்பிகளையெல்லாம் வரிசையாகப் பலகையில் நிறுத்தி, விளக்கைப் பிடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

கையிலுள்ள பணம் விலையுயர்ந்த மின் தராசு ஒன்றுக்கு மட்டுமே போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அதை விட்டுவிட்டு, நல்ல நிலையிலுள்ள ஒரு கோல் தராசையும், தரச் சான்றுடைய ஒரு தொகுதி எடைக்கற்களையும் வாங்குங்கள், பின்னர் மின் தராசு வாங்க வசதி வந்தாலும் அவை இரண்டையும் விற்றுவிடாதீர்கள்.